சரயேவோ குண்டுகளுக்கும் உலகப் போருக்கும் நடுவே 37 நாட்கள்

"ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள், அதனால் முதல் உலகப் போர் மூண்டது." பள்ளியில் படித்த இந்த ஒரு வரியோடு நம்மில் பெரும்பாலோர் நின்றுவிடுகிறோம். "போரின் உடனடிக் காரணம் யாது?" என்ற கேள்விக்கு மதிப்பெண் வாங்கித் தரும் வரி அது. பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் அதன் நடுவில் பெரிய ஓட்டை இருக்கிறது.

ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து வாரிசு ஃபிரான்ட்ஸ் பெர்டினாண்ட் பொஸ்னியாவின் சரயேவோ நகரில் கொல்லப்பட்டது 1914 ஜூன் 28 அன்று. ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியாமீது போர் அறிவித்தது ஜூலை 28 அன்று. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4 அன்று. கொலைக்கும் ஐரோப்பா முழுவதும் பற்றி எரிந்ததற்கும் நடுவே 37 நாட்கள். ஆத்திரத்தில் நடந்த காரியம் என்றால் இத்தனை நாள் ஏன் ஆனது? அந்த நாட்களில் யார் என்ன முடிவு எடுத்தார்கள்? ஒரு கொலை எப்படிப் போராக மாறுகிறது என்பதற்கான விடை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அந்த இடைவெளியைத்தான் நாம் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

வாரிசு கொல்லப்பட்டால் போர் வந்தே தீருமா?

வராது. 1914-க்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஐரோப்பிய அரச குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்.

1898 செப்டம்பரில் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் ஜெனீவா ஏரிக்கரையில் கப்பல் ஏற நடந்துகொண்டிருந்தார். அரசே கூடாது என்ற கொள்கையுடைய அரசின்மைவாதியான லூயிஜி லூக்கேனி என்ற இத்தாலியர் கூர் தீட்டிய அரத்தால் அவர் நெஞ்சில் குத்தினார். கொன்றவர் இத்தாலிக் குடிமகன், இறந்தவர் ஆஸ்திரியப் பேரரசரின் மனைவி. அதற்காக ஆஸ்திரியா இத்தாலியின்மீது படை எடுக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் அரசின்மைவாதிகளை ஒடுக்குவது பற்றி ஐரோப்பிய நாடுகள் ரோம் நகரில் கூடிப் பேசின. அவ்வளவுதான்.

1908 பிப்ரவரி 1 அன்று லிஸ்பனில் திறந்த வண்டியில் போய்க்கொண்டிருந்த போர்ச்சுகல் மன்னர் முதலாம் கார்லோஸும் பட்டத்து இளவரசர் லூயிஸ் ஃபிலிப்பும் ஒரே தாக்குதலில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் போர்ச்சுகல்காரர்களே. இளைய மகன் மனுவேல் அரியணை ஏறினார். இரண்டே ஆண்டுகளில் அங்கே முடியாட்சியும் ஒழிந்தது. நாடு உள்ளுக்குள் குலுங்கியது உண்மை. ஆனால் எந்த எல்லையிலும் படை நகரவில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1898-இல் மனைவியைப் பறிகொடுத்த பேரரசர் ஃபிரான்ட்ஸ் ஜோசப்தான் 1914-இலும் ஆஸ்திரியாவின் பேரரசர். மனைவி கொல்லப்பட்டபோது போருக்குப் போகாதவர், தமக்கு அவ்வளவாகப் பிடிக்காத தம்பி மகன் கொல்லப்பட்டபோது போர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். அப்படியானால் துக்கத்தின் அளவு இதைத் தீர்மானிக்கவில்லை.

எது தீர்மானிக்கிறது?

அடுத்தடுத்த வயல்காரர்கள் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். வரப்பு யாருடையது என்பதில் நெடுநாள் பகை. ஒருநாள் பெரிய வீட்டுக்காரரின் மூத்த மகனை யாரோ வெட்டிவிடுகிறார்கள். விவகாரம் காவல் நிலையத்தோடு முடியுமா, ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொள்ளுமா என்பது வெட்டுக்காயத்தின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. வெட்டியவனைத் தனியாளாகப் பார்க்கிறார்களா, பக்கத்து வீட்டுக்காரர் ஏவிவிட்ட ஆளாகப் பார்க்கிறார்களா? பெரிய வீட்டுக்காரர் ஏற்கெனவே அந்த வரப்பை உழுதுவிடச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தவரா? "நீ இறங்கு, நான் பின்னால் நிற்கிறேன்" என்று சொல்ல அவருக்கு வசதியான மச்சான் ஒருவர் இருக்கிறாரா? எதிர்வீட்டுக்கும் அப்படி ஒரு பங்காளி உண்டா? இரு தரப்பும் மதிக்கும் நடுவர் யாராவது இருக்கிறாரா? இருந்தாலும், அவர் வந்து பேசும்வரை அரிவாளைக் கீழே வைத்திருக்க இவர்களுக்குப் பொறுமை இருக்கிறதா?

நாடுகளுக்கிடையிலும் கேள்விகள் இவையேதான். 1914-இல் இவை ஒவ்வொன்றுக்கும் மோசமான விடையே கிடைத்தது.

யார் அந்த வாரிசு?

ஃபிரான்ட்ஸ் பெர்டினாண்ட் பேரரசரின் மகன் அல்லர். பேரரசரின் ஒரே மகன் ருடால்ஃப் 1889-இல் தற்கொலை செய்துகொண்டார். அதன் பிறகு வாரிசுரிமை பேரரசரின் தம்பி குடும்பத்துக்குப் போய், பெர்டினாண்டிடம் வந்து சேர்ந்தது. 1914-இல் அவருக்கு வயது 50. 1848-இலிருந்து அரியணையில் இருந்த பேரரசருக்கு 83. எந்த நாளும் ஆட்சி கைமாறலாம் என்ற நிலை.

வாரிசு என்பவர் ஒரு நாட்டின் நாளைய நாள். ஆஸ்திரியா-ஹங்கேரிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். சுமார் ஐந்து கோடி மக்கள். ஜெர்மானியர், ஹங்கேரியர், செக், போலந்து, குரோவேசிய, செர்பிய, ருமேனிய மக்கள் என்று பல இனங்கள், பல மொழிகள். இவர்கள் அனைவரையும் ஒரே நாடாகக் கட்டிவைத்திருந்த கயிறு ஹாப்ஸ்பர்க் என்ற அந்த ஒரு குடும்பம்தான். அதன் வாரிசைச் சுட்டால், இந்த நாடு நாளை இருக்க வேண்டாம் என்று சொன்னதாகத்தான் தலைநகர் வியன்னாவில் இருந்த அரசு எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பெர்டினாண்ட் வியன்னாவில் போர் வேண்டாம் என்று சொன்ன முக்கியமான குரல் என்பது பலருக்குத் தெரியாது. படைத் தலைமைத் தளபதி கோன்ராட், செர்பியாவை அடித்து நொறுக்க வேண்டும் என்று 1913-இல் மட்டும் பலமுறை வலியுறுத்தினார். செர்பியாவைத் தொட்டால் ரஷ்யா வரும், ரஷ்யாவோடு மோதினால் இரண்டு பேரரசுகளும் அழியும் என்று தடுத்தவர் பெர்டினாண்ட். அவர் இறந்தபோது போருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. அதைவிட முக்கியமாக, போரைத் தடுக்கும் ஆள் இல்லாமல் போனார். இந்தக் கதையில் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

அவருடைய இறுதிச் சடங்கையும் இங்கே சொல்ல வேண்டும். அரச குலத்தில் பிறக்காத சோஃபியை அவர் 1900-இல் மணந்தார். பிறக்கும் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை கிடையாது என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகே அந்தத் திருமணம் நடக்க முடிந்தது. அரண்மனை அதைக் கடைசிவரை மறக்கவில்லை. சடங்கு சிறிதாக முடிக்கப்பட்டது. அயல்நாட்டு மன்னர்கள் அழைக்கப்படவில்லை. முறைப்படி அழைத்திருந்தால் ஐரோப்பாவின் ஆட்சியாளர்கள் எல்லோரும் ஜூலை முதல் வாரத்தில் வியன்னாவில் ஒன்றாக நின்றிருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேச அதைவிட நல்ல வாய்ப்பு பிறகு வரவேயில்லை.

ஜூன் 28 காலை

பொஸ்னியா துருக்கியப் பேரரசின் பகுதியாக இருந்தது. 1878 முதல் ஆஸ்திரியா-ஹங்கேரி அதை ஆக்கிரமித்து நிர்வகித்தது. 1908-இல் தன் நாட்டோடு முறைப்படி சேர்த்துக்கொண்டது. அங்கே கணிசமான செர்பியர்கள் வாழ்ந்தார்கள். பக்கத்தில் இருந்த சுதந்திர செர்பியா, தெற்கு ஸ்லாவ் மக்கள் அனைவரையும் ஒரே கொடியின் கீழ் கொண்டுவரும் கனவில் இருந்தது. 1912, 1913 பால்கன் போர்களில் வென்று அதன் பரப்பும் பெருகியிருந்தது. நமது வரப்பு இதுதான்.

தலைநகர் சரயேவோவுக்கு இளவரசர் வருவது முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைச் சாலையில் இளைஞர்கள் ஆறு பேர் கையில் குண்டும் துப்பாக்கியுமாகப் பிரிந்து நின்றார்கள். அவர்களில் சாப்ரினோவிச் என்பவர் வீசிய குண்டு இளவரசரின் காரிலிருந்து தெறித்து விழுந்து, பின்னால் வந்த காருக்கு அடியில் வெடித்தது. சிலருக்குக் காயம். இளவரசர் நகர மன்றம் போய்ச் சேர்ந்தார். காயமடைந்த அதிகாரியை மருத்துவமனையில் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவே, திரும்பும் பாதையை மாற்றி, ஆற்றங்கரைச் சாலையில் நேராகப் போவதாக முடிவு செய்தார்கள்.

இந்த மாற்றத்தை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை.

லத்தீன் பாலத்தருகே கார் பழைய திட்டப்படியே வலப்பக்கம் திரும்பியது. காரில் இருந்த ஆளுநர் பொட்டியோரெக் "இந்த வழி இல்லை" என்று தடுத்தார். ஓட்டுநர் பிரேக் பிடித்தார். கார் நின்ற இடத்திலிருந்து சில அடி தூரத்தில் காவ்ரிலோ பிரின்சிப் நின்றுகொண்டிருந்தார். வயது 19. இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு இளவரசரின் கழுத்திலும் மற்றொன்று சோஃபியின் வயிற்றிலும் பாய்ந்தது. சற்று நேரத்தில் இருவரும் இறந்தார்கள். இருபது வயது நிரம்பாததால் பிரின்சிப்புக்கு மரண தண்டனை விதிக்க முடியவில்லை. 20 ஆண்டுச் சிறைத் தண்டனையின் நடுவே 1918 ஏப்ரலில் காசநோயால் இறந்தார்.

பிரின்சிப் அந்த நேரத்தில் சாண்ட்விச் வாங்க அங்கே போயிருந்தார் என்று இணையத்தில் ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. முன்பே அறிவிக்கப்பட்ட பாதையில், இளவரசர் திரும்பி வரக்கூடிய இடத்தில்தான் அவர் நின்றார். தவறான திருப்பம் தற்செயல். ஆனால் அன்று பிரின்சிப் தவறவிட்டிருந்தால் போரே வந்திருக்காது என்பதும், அவர் சுட்டதால் போர் தவிர்க்க முடியாததாகிவிட்டது என்பதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். எஞ்சிய 37 நாட்களை இரண்டும் மறந்துவிடுகின்றன.

இதுவரை பார்த்தது: வாரிசின் கொலை மட்டும் போரைக் கொண்டுவருவதில்லை. இங்கே இறந்தவர் நாட்டின் ஒற்றுமைக்கு அடையாளமானவர். போரைத் தடுத்து வந்தவரும்கூட. கொலை நடந்த இடமோ இரு நாடுகளும் தனதென்று கருதிய மண்.

தனியாளின் குற்றம் நாட்டின் குற்றமாவது

கொலையைப் போருக்குக் கொண்டுசெல்லும் முதல் படி இது. போர்ச்சுகலில் நடக்காமல் போனதும் இதுதான்.

பிரின்சிப் செர்பியக் குடிமகன் அல்லர். பொஸ்னியாவில் பிறந்த, ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட செர்பியர். ஆனால் துப்பாக்கிகளும் குண்டுகளும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து வந்தவை. எல்லை தாண்ட உதவியவர்கள் செர்பிய எல்லைப் பணியாளர்கள். பின்னணியில் "கருப்புக் கை" என்ற ரகசிய அமைப்பு இருந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான டிமிட்ரியேவிச் செர்பிய ராணுவ உளவுப் பிரிவின் தலைவராகவே இருந்தார். பிரதமர் பாஷிச்சின் அரசுக்கும் அந்த அமைப்புக்கும் கடும் பகை. ஆக, ஓர் அரசின் அதிகாரி செய்ததை அந்த அரசே செய்ததாகக் கொள்ளலாமா? இன்றும் நாடுகள் மோதிக்கொள்ளும் கேள்வி இது.

வியன்னா ஒரு விசாரணை அதிகாரியை சரயேவோவுக்கு அனுப்பியது. அவர் பெயர் வீஸ்னர். ஜூலை 13 அன்று அவர் தந்தி அனுப்பினார். சதி பெல்கிரேடில் உருவானது, சில செர்பிய அதிகாரிகள் உதவினார்கள், ஆனால் செர்பிய அரசுக்கு இதில் பங்கு இருந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றார். நேர்மையான அறிக்கை. ஆனால் வியன்னாவின் முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது. தங்கள் விசாரணையாளரே கொண்டுவந்த பதிலை அவர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

பின்னால் நிற்கும் மச்சான்

ஆஸ்திரியா-ஹங்கேரி தனியாகத் துணிந்திருக்காது. செர்பியாவுக்குப் பின்னால் ரஷ்யா நின்றது. எனவே ஜூலை 5 அன்று வியன்னாவின் தூதர், ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மிடம் ஃபிரான்ட்ஸ் ஜோசப்பின் கடிதத்தைக் கொடுத்தார். நீங்கள் எடுக்கும் நடவடிக்கைக்கு, ரஷ்யாவோடு போர் வந்தாலும், ஜெர்மனி துணை நிற்கும் என்று வில்ஹெல்ம் உறுதி கூறினார். மறுநாள் தலைமை அமைச்சர் பெத்மன் ஹோல்வெக்கும் அதையே உறுதிப்படுத்தினார். வரலாற்றாசிரியர்கள் இதை "வெற்றுக் காசோலை" என்கிறார்கள்: தொகையை நிரப்பாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த காசோலை. எவ்வளவு தூரம் போகலாம் என்ற வரம்பை ஜெர்மனி வைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட கையோடு வில்ஹெல்ம் வழக்கமான நார்வே கடற்பயணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஜெர்மனிக்கு இதில் என்ன லாபம்? அதன் நம்பகமான ஒரே கூட்டாளி ஆஸ்திரியா-ஹங்கேரிதான். அது தளர்ந்தால் ஜெர்மனி தனித்துவிடும். தவிர, ரஷ்யா தன் படையையும் ரயில் பாதைகளையும் வேகமாகப் பெருக்கி வந்தது. சில ஆண்டுகள் போனால் அதை வெல்லவே முடியாது என்ற அச்சம் ஜெர்மன் தளபதிகளிடம் ஊறியிருந்தது. "வருவதாக இருந்தால் இப்போதே வரட்டும்" என்ற எண்ணம் அந்த அச்சத்திலிருந்து பிறந்தது. பயந்தவன் கையில் படை இருப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஏற்கக்கூடாது என்றே எழுதப்பட்ட கடிதம்

வெற்றுக் காசோலை கையில் வந்த பிறகும் வியன்னா இரண்டரை வாரங்கள் காத்திருந்தது. ஹங்கேரியப் பிரதமர் திசா முதலில் போருக்கு ஒப்பவில்லை. படைவீரர்கள் பலர் அறுவடை விடுப்பில் ஊர் போயிருந்தார்கள். பிரான்ஸ் அதிபர் புவான்காரே அப்போது ரஷ்யாவில் விருந்தினராக இருந்தார். அவரும் ரஷ்ய ஜாரும் ஒரே அறையில் இருக்கும்போது கடிதம் போய்ச் சேரக் கூடாது என்று, அவர் ஜூலை 23 அன்று கிளம்பும்வரை பொறுத்தார்கள்.

அன்று மாலை 6 மணிக்கு இறுதி எச்சரிக்கை பெல்கிரேடில் கொடுக்கப்பட்டது. குறித்த நேரத்துக்குள் நிபந்தனைகளை ஏற்காவிட்டால் விளைவு மோசமாக இருக்கும் என்று ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்பும் கடிதமே இறுதி எச்சரிக்கை. இதில் பத்து கோரிக்கைகள் இருந்தன. பதிலளிக்க 48 மணி நேரம் கொடுக்கப்பட்டது. ஆறாவது கோரிக்கை, செர்பிய மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகளும் பங்கேற்க வேண்டும் என்றது. எந்தச் சுதந்திர நாடும் எளிதில் தலையாட்டக் கூடியது அல்ல இது. மறுக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் கடிதம் எழுதப்பட்டது. வியன்னாவின் உள் ஆலோசனைகளிலேயே இது பதிவாகியிருக்கிறது.

ஜூலை 25 மாலை, கெடு முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது பிரதமர் பாஷிச் தாமே பதிலை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதரகத்துக்குப் போனார். பெரும்பாலான கோரிக்கைகளுக்குப் பணிந்தும், சிலவற்றைப் பூசி மெழுகியும், ஆறாவதை மறுத்தும் எழுதப்பட்ட பதில். தூதர் கீஸல் அதைப் படித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பெட்டி படுக்கை கட்டியாகிவிட்டது. நிபந்தனையின்றி ஏற்காவிட்டால் உறவை முறித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. 6.30 ரயிலில் ஏறினார். பெல்கிரேட் அப்போது எல்லையோர நகரம். சாவா ஆற்றைக் கடந்தால் ஆஸ்திரியா-ஹங்கேரி. சில நிமிடங்களில் அவர் தம் நாட்டு மண்ணில் இருந்தார்.

கடற்பயணத்திலிருந்து திரும்பிய வில்ஹெல்ம், செர்பியாவின் பதிலை ஜூலை 28 காலையில்தான் படித்தார். இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று அதன் ஓரத்தில் எழுதினார். ஆஸ்திரியா பெல்கிரேடை மட்டும் பிடித்து நிறுத்திக்கொண்டு பேசட்டும் என்ற யோசனையும் சொன்னார். பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே, நான்கு நாடுகள் கூடிச் சமரசம் பேசலாம் என்று இரண்டு நாள் முன்பே அழைத்திருந்தார். ஜெர்மனி அதை ஏற்கவில்லை. இந்தப் பேச்சுகள் எதுவும் வலுப்பெறுவதற்கு முன் வியன்னா முந்திக்கொண்டது. அன்றே, நீஷ் நகருக்கு இடம் மாறியிருந்த செர்பிய அரசுக்குத் தந்தி மூலம் போர் அறிவித்தது. ஆகஸ்ட் இரண்டாம் வாரம்வரை பெரும் தாக்குதலுக்குத் தம் படை தயாராக இருக்காது என்று கோன்ராட் சொல்லியும் அறிவித்தார்கள். நடுவர் வந்து சேர்வதற்குள் கதவைச் சாத்துவதே நோக்கம்.

சுருக்கமாக: கொலைக் குற்றம் அரசின் குற்றமாக்கப்பட்டது. பெரிய கூட்டாளி வரம்பில்லாத ஆதரவு தந்தார். நிறைவேற்ற முடியாத கோரிக்கை வைக்கப்பட்டது. சமரசத்துக்கான நேரம் வேண்டுமென்றே பறிக்கப்பட்டது. இதுவரை இது இரண்டு நாடுகளின் சண்டை மட்டுமே.

ரயில் அட்டவணை பிடித்த கழுத்து

இரண்டு நாட்டுச் சண்டை ஒரே வாரத்தில் கண்டத்தின் சண்டையானதற்குப் படைத்திரட்டல் முக்கியமான காரணம். அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் படை சிறியதாக இருக்கும். பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் தத்தம் வேலையில் இருப்பார்கள். அவர்களை அழைத்து, சீருடையும் ஆயுதமும் கொடுத்து, ரயிலேற்றி எல்லையில் கொண்டுபோய் நிறுத்துவதே படைத்திரட்டல். எந்த ரயில், எந்தப் பாதை, எந்த நேரம் என்று எல்லாமே ஆண்டுக்கணக்கில் தீட்டி வைத்த திட்டம். பாதியில் நிறுத்தினால் குழப்பம். அடுத்தவன் முந்திக்கொண்டால் ஆபத்து.

ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதைகள் குறைவு, எனவே திரட்ட நாளாகும். ஜெர்மனியின் போர்த் திட்டம் முழுவதும் இந்தத் தாமதத்தை நம்பியே போடப்பட்டிருந்தது. ரஷ்யா தயாராகும் முன்பே, பெல்ஜியம் வழியாகப் பாய்ந்து பிரான்ஸை ஆறு வாரத்தில் வீழ்த்த வேண்டும். பிறகு ரயிலில் கிழக்கே திரும்பி ரஷ்யாவைச் சந்திக்க வேண்டும். ஆகவே மற்ற நாடுகளுக்குப் படைத்திரட்டல் ஓர் எச்சரிக்கையாக இருக்கலாம். ரஷ்யா திரட்டத் தொடங்கினால், ஜெர்மனிக்கு அந்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

ஜூலை 29 இரவு ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் பொதுப் படைத்திரட்டலுக்கு இசைந்துவிட்டார். ஆணை தந்தி நிலையத்துக்கே போய்விட்டது. அந்த நேரத்தில் வில்ஹெல்மிடமிருந்து ஒரு தந்தி வந்தது. இருவரும் உறவினர்கள், ஆங்கிலத்தில் செல்லப் பெயரிட்டுக் கடிதம் எழுதிக்கொள்பவர்கள். ஜார் மனம் மாறி, ஆணையைத் திரும்பப் பெற்றார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் ஜாரை நேரில் சந்தித்து மன்றாடினார். தாமதித்தால் ரஷ்யா ஆயத்தமின்றி அடிவாங்கும் என்றார். ஜார் மீண்டும் இசைந்தார். இந்த முறை ஆணையை ரத்து செய்யச் சொல்லி யாரும் அழைத்துவிடக் கூடாது என்பதில் தளபதிகள் உறுதியாக இருந்தார்கள். படைத் தலைமையின் தொலைபேசியை உடைத்துவிடலாம் என்ற அளவுக்குப் பேச்சு போனது. 24 மணி நேரத்துக்குள் ஒரு மனிதரின் மனம் இரண்டு முறை மாறியது. ஐரோப்பாவின் கதி அவ்வளவு மெல்லிய நூலில் ஆடியது.

ஜெர்மனியிலும் அப்படி ஒரு கணம் உண்டு. ஆகஸ்ட் 1 மாலை, ஜெர்மனி பிரான்ஸைத் தாக்காவிட்டால் பிரிட்டன் ஒதுங்கி நிற்கும் என்ற பொருளில் லண்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. அது தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட செய்தி என்பது இரவுதான் தெரிந்தது. அதற்குள் வில்ஹெல்ம் மகிழ்ந்துபோய், மேற்கே வேண்டாம், படை முழுவதையும் கிழக்கே திருப்புங்கள் என்றார். தலைமைத் தளபதி மோல்ட்கே அதிர்ந்துவிட்டார். பத்து லட்சம் பேரை நகர்த்தும் திட்டத்தை ஒரே இரவில் மாற்றி எழுத முடியாது. மாற்றினால் கையில் இருப்பது படையாக இருக்காது, சாப்பாடு இல்லாத கூட்டமாகத்தான் இருக்கும் என்றார். பேரரசரே நிறுத்தச் சொல்லியும் நிறுத்த முடியாத இயந்திரத்தை அவருடைய தளபதிகளே கட்டி வைத்திருந்தார்கள்.

கூட்டணிகள் தாமாகவே இழுத்துச் சென்றனவா?

"கூட்டணி ஒப்பந்தங்கள் சங்கிலிபோல ஒவ்வொரு நாடாக இழுத்துவிட்டன" என்பது அடிக்கடி கேட்கும் விளக்கம். பாதிதான் சரி. இத்தாலி 1882 முதல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி ஆகியவற்றின் கூட்டாளி. ஆனால் 1914-இல் ஒதுங்கி நின்றது. தற்காப்புக்கான ஒப்பந்தம் இது, நீங்களாகத் தொடங்கிய போருக்குப் பொருந்தாது என்றது. மறு ஆண்டு எதிரணியிலேயே சேர்ந்தது. இன்னொரு பக்கம், செர்பியாவைக் காக்க ரஷ்யாவைக் கட்டாயப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பொஸ்னியா விவகாரத்தில் 1909-இல் ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்த அவமானம் ரஷ்யாவுக்குள் புகைந்துகொண்டிருந்தது. இன்னொரு முறை பணிந்தால் வல்லரசு என்ற பெயரே போய்விடும் என்று அது நினைத்தது. ஒப்பந்தம் இல்லாதவர் வந்தார், ஒப்பந்தம் உள்ளவர் வரவில்லை.

பிரான்ஸின் நிலை வேறு: 1894 முதல் ரஷ்யாவோடு உறுதியான உடன்படிக்கை இருந்தது, ஜெர்மனியின் திட்டமும் அதை விட்டுவைப்பதாக இல்லை. ஆகஸ்ட் 1 அன்று ரஷ்யாமீதும் 3 அன்று பிரான்ஸ்மீதும் ஜெர்மனி போர் அறிவித்தது. 4 அன்று பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839-இல் கையெழுத்திட்ட பிரிட்டன் அன்றே போரில் இறங்கியது. அதோடு அதன் குடியேற்ற நாடுகள் அனைத்தும் இழுக்கப்பட்டன. செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. சரயேவோ எங்கே இருக்கிறது என்று அறியாதவர்களும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தார்கள்.

இருபது ஆண்டு கழித்து, அதே நிலத்தில்

1934 அக்டோபர் 9 அன்று யூகோஸ்லாவியா மன்னர் அலெக்சாண்டர் பிரான்ஸின் மார்செய் துறைமுகத்தில் இறங்கி காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் இருந்த பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் லூயி பார்த்தூவும் உயிரிழந்தார். யூகோஸ்லாவியா என்பது 1914-இன் செர்பியாவைச் சுற்றி உருவான நாடு. கொலையாளிகளுக்குத் தொடர்புடைய குரோவேசியத் தீவிரவாதிகள் ஹங்கேரியிலும் இத்தாலியிலும் அடைக்கலம் பெற்றுப் பயிற்சி எடுத்தவர்கள். அண்டை நாட்டில் வளர்க்கப்பட்ட ஆயுதக் குழு, கொல்லப்பட்ட அரசர், எல்லைத் தகராறு: 1914-இன் பொருள்கள் எல்லாமே இங்கேயும் இருந்தன. அரியணைக்கு வந்த மகனுக்கு வயது 11.

போர் வரவில்லை. யூகோஸ்லாவியாவின் பெரிய கூட்டாளியான பிரான்ஸ் இந்த முறை வெற்றுக் காசோலை தரவில்லை; இத்தாலியைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல், குற்றச்சாட்டை ஹங்கேரியோடு நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. யூகோஸ்லாவியா வழக்கை, முதல் உலகப் போருக்குப் பின் உருவான உலக அமைப்பான நாடுகளின் சங்கத்துக்குக் கொண்டுபோனது. 1914-இல் இல்லாத நடுவர் மன்றம் அது. டிசம்பரில் மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஹங்கேரிய அதிகாரிகள் சிலர் கடமை தவறியிருக்கிறார்கள், அவர்கள்மீது ஹங்கேரியே நடவடிக்கை எடுத்து அறிக்கை தர வேண்டும் என்றது. அயல்நாட்டு அதிகாரிகள் உள்ளே வந்து விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை அதில் இல்லை. எனவே ஹங்கேரி மானம் போகாமல் அதை ஏற்க முடிந்தது; யூகோஸ்லாவியாவும் நீதி கேட்டுக் கிடைத்ததாகச் சொல்லிக்கொள்ள முடிந்தது. உண்மையான பெருங்குற்றவாளிகள் சிலர் இத்தாலியில் பத்திரமாகவே இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சமரசம் நீதியில் குறைபட்டது. படைகள் மட்டும் திரட்டப்படவில்லை.

இந்தக் கொலையைத் தொடர்ந்து, பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கான முதல் உலக ஒப்பந்தம் 1937-இல் ஜெனீவாவில் எழுதப்பட்டது. பல நாடுகள் கையெழுத்திட்டன. அதை முறைப்படி உறுதி செய்தது ஒரே ஒரு நாடு, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியா. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவேயில்லை.